பதினைந்து விநாடிக்குப் பதினொன்று

உயிரியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'நாப்பது நிமிஷம்'. ஒரு பாடவேளைக்கு நாற்பது நிமிஷம். அதில் எந்த நிமிஷத்தில் சாக்பீஸை எடுப்பது, எந்த நிமிஷத்தில் வைப்பது, எங்கே சிரிப்பது, எங்கே சிரிப்பை நிறுத்தி முகத்தை இறுக்கிக்கொள்வது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைவார். அவருடைய குறிப்பேட்டில் 'நிமிஷம் 9: நகைச்சுவை' என்று இருந்ததை ஒரு முறை யாரோ பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒன்பதாவது நிமிஷம் வந்தால் வகுப்பு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நகைச்சுவைகள் எடுபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்காக அவர் சொத்தை டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். புத்தகத்தைப் பிரித்து வரிவரியாக வாசித்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போகிற ஆட்கள் அந்தப் பள்ளியிலும் இருந்தார்கள், நிம்மதியாகவும் இருந்தார்கள். இவர்தான் மெனக்கெடுவார். வெங்காயத் தோலில் செல் பார்க்க வைத்த அன்று நாற்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இலைத்துளைகளைக் காட்டுவதற்காக நகப்பூச்சு வாங்கி இலையின் அடிப்பக்கத்தில் பூசி, காயவிட்டு, உரித்து எடுக்கச் சொன்னார். மிச்சம் இருந்த நகப்பூச்சு மத்தியானத்துக்குள் ஒன்பதாம் வகுப்பு மொத்தத்தின் விரல்களுக்கும் போய்விட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். ஆனால் அந்த வருஷம் இலைத்துளையைப் பற்றிய கேள்விக்கு ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாக அவர் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் மறுபடி கடிதம் வருமா வராதா என்று ஒரு மாசம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியானது. ஆய்வாளர் வந்து ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து பார்த்து, படிவத்தை நிரப்புவார். அந்தப் படிவத்தைப் பொறுத்துத்தான் இடம் கிடைக்கும்.

"மத்த கட்டமெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்ல டீச்சர்" என்று தலைமையாசிரியர் சொல்லி வைத்தார். "கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'திட்டமிட்ட பாடம் முழுமையாக முடிக்கப்பட்டதா, ஆம், இல்லை'. அதுல இல்லைன்னு விழுந்துச்சுன்னா நான் தலைகீழா நின்னாலும் நடக்காது. உங்களுக்கு அதைப் பத்திக் கவலை இல்ல. கடிகாரத்துக்கே நீங்க நேரம் சொல்லிக் குடுப்பீங்க."

எந்தப் பாடம் எடுப்பது என்று டீச்சர் பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் நாடித்துடிப்பு என்று முடிவானது. எதுவும் வாங்க வேண்டாம், எதுவும் உடையாது, நாறாது. ஒவ்வொரு பிள்ளையும் சோதனைச் சாமானைத் தன் மணிக்கட்டிலேயே கொண்டு வந்துவிடும். இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கி எழுத வேண்டும். பிறகு ஒரு மாடி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, மறுபடி எண்ண வேண்டும். அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு தடவை, மூன்று தடவை. மொத்தம் ஐந்து எண்கள். எல்லாருடைய எண்களையும் கரும்பலகையில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தால் ஒரு மேடு வரும். ஓடும்போது இதயம் ஏன் வேகமாக அடிக்கிறது, நின்றதும் ஏன் அடங்குகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

முதல் சோதனை எலி அவருடைய வீட்டுக்காரர்தான். சரக்கு லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் குடியிருப்பின் மாடிப்படியில் நாலு தடவை ஏற்றி இறக்கினார் டீச்சர். மூன்றாவது தடவை எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"என்ன சார், வீட்ல ஏதும் சண்டையா?"

"இல்ல சார். பாடம்" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

உட்கார்ந்திருந்தபோது எண்பத்து நாலு, ஏறியபின் நூற்று நாற்பது, மூன்று நிமிஷத்தில் தொண்ணூற்று ஆறு. கோடு அழகாக ஏறி இறங்கியது. டீச்சர் சாப்பாட்டு மேஜையில் குறிப்பேட்டை விரித்து நிமிஷக் கணக்குப் போட ஆரம்பித்தார். 'எதிர்பார்க்கக்கூடிய பிழைகள்' என்று ஒரு பகுதி எழுதுவது அவர் வழக்கம். நல்ல டீச்சர்கள் எல்லாரும் எழுதுவார்கள். அதில் இப்படி எழுதினார்: 'எண் அறுபதுக்குக் கீழே வந்தால் துடிப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். விரலை அழுத்திப் பிடித்து மறுபடி எண்ணச் சொல்ல வேண்டும்.'

"பிள்ளைங்க என்ன தப்புப் பண்ணும்னுகூட முன்னாடியே எழுதி வச்சிருவியா?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"எழுதலன்னா அங்க நின்னு முழிக்கணும்ங்க."

ஆய்வுக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பது எந்தப் பள்ளியிலும் வெளியே சொல்லாமல் நடக்கிற காரியம். எந்த வகுப்பை ஆய்வாளர் பார்க்கப் போகிறாரோ அதே வகுப்புக்கு அதே பாடத்தை ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் முதல் தடவை கேட்கிற மாதிரி கண்ணை அகல விரிக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளும் சமர்த்து, நன்றாகவே விரிப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான அறை, நான்கு வரிசை மேஜை, ஜன்னல் பக்கம் தண்ணீர்த் தொட்டி. ஒத்திகை அன்று நிமிஷம் பதினொன்று வரை எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. பிள்ளைகள் எண்ணி எழுதினார்கள். எழுபத்தாறு, எண்பது, எழுபத்திரண்டு, எண்பத்தெட்டு. அப்போது கடைசி வரிசையிலிருந்து ரேடியோ கையைத் தூக்கினாள். தூக்கத்திலும் பேசுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளோடு ஜோடி சேர்ந்திருந்தவள் நத்தை. மாடிப்படியில் எப்போதும் கடைசியாக வருவாள். இரண்டாம் மாடியில் நின்று ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வாள், அவிழாத நாடாவை. விளையாட்டு ஆசிரியர் அவளைச் சோம்பேறிகளின் பட்டியலில் சேர்த்து வெகு நாளாகியிருந்தது.

"டீச்சர், இவளுக்குப் பதினொண்ணுதான் வருது. நாலால பெருக்கினா நாப்பத்தி நாலு."

"விரலை அழுத்திப் பிடி. பாதித் துடிப்பை விட்டுட்டே."

"அழுத்தித்தான் பிடிச்சேன் டீச்சர்."

"மறுபடி எண்ணு."

மறுபடி எண்ணினாள். மறுபடியும் பதினொன்றுதான். டீச்சர் கரும்பலகை அருகில் நின்றார். திட்டப்படி அந்த நிமிஷம் அவர் அங்கேதான் நிற்க வேண்டும். அறையின் மறுகோடிக்கு நடந்து போய், குனிந்து, மணிக்கட்டைப் பிடித்து எண்ணித் திரும்ப இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் குறிப்பேட்டில் எங்கேயும் இல்லை.

"எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பதுன்னு வருது, உனக்கு மட்டும் எப்படிப் பதினொண்ணு வரும்? அழிச்சிட்டுச் சரியா எழுது."

"எண்ணினதைத்தானே டீச்சர்..." என்று ரேடியோ ஆரம்பித்தாள். நத்தை அவள் கையைத் தட்டி அடக்கினாள். ரப்பரை எடுத்து நாற்பத்து நாலை அழித்தாள், காகிதத்தின் மேலிருந்த துகளை ஊதினாள், பக்கத்து மேஜையைப் பார்த்து எழுபத்தாறு என்று எழுதினாள். படி ஏறிவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தபோது பதின்மூன்று வந்தது. அதை அவள் ரேடியோவைச் சொல்லவே விடவில்லை. நூற்று இருபத்து நாலு என்று போட்டுக்கொண்டாள்.

கரும்பலகையில் மேடு மிக அழகாக விழுந்தது. டீச்சர் முப்பத்தொன்பதாவது நிமிஷத்தில் சாக்பீஸை வைத்தார்.

"அடுத்த வாரமும் இதே மாதிரி வரணும்" என்றார் பிள்ளைகளிடம்.

ஆய்வு நாளன்று ஆய்வாளர் குறித்த நேரத்துக்கு வந்தார். சிரிக்காத, அதே சமயம் கடுகடுப்பும் இல்லாத ஒரு அம்மாள். கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் கண்ணை விரித்தார்கள். ஒன்பதாவது நிமிஷத்து நகைச்சுவைக்கு, டீச்சரே பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தார்கள். ஆய்வாளரின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது. பதினொன்றாவது நிமிஷத்தில் முதல் எண் எழுதப்பட்டது. யாரும் கையைத் தூக்கவில்லை.

'நிமிஷம் 14: மேஜைகளைச் சுற்றி வரவும். இரண்டு ஜோடிகளைப் பாராட்டவும்.' டீச்சர் சுற்றி வந்தார். முன்வரிசையில் ஒரு ஜோடியைப் பாராட்டினார். இன்னொரு பாராட்டைக் கடைசி வரிசையில், ஆய்வாளரின் காதில் விழும்படி, வைத்துக்கொள்ளலாம் என்று போனார். நத்தையின் தாளைக் கையில் எடுத்தார்.

ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தது. 76, 124, 108, 92, 80. முத்து முத்தான கையெழுத்து.

படி ஏற இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

டீச்சர் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இன்னும் படியே ஏறலையே. இதெல்லாம் எப்படி எழுதினே?"

"இதுதானே டீச்சர் வரணும்?" என்றாள் நத்தை, அதே தாழ்ந்த குரலில். அவள் விஷமமாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற குரல் அது. "போன தடவை எனக்குத் தப்பா வந்துச்சு. இன்னைக்கும் தப்பா வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்னு முன்னாடியே எழுதிட்டேன்."

டீச்சருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆய்வாளர் எழுந்து இரண்டடி நடந்து வந்து இந்தத் தாளைப் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். விரலை எங்கே வைப்பது என்று இந்தப் பெண்ணுக்கு ஒரு முறை காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினைந்து விநாடிக்குப் பதினொன்று.

விரலை நகர்த்தி வைத்துப் பார்த்தார். துடிப்பு தெளிவாக, நிதானமாக இருந்தது. ஒன்று வந்தபின் அடுத்தது வர அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. அவர் ஒரு முழு நிமிஷம் எண்ணினார். நாற்பத்து மூன்று. திட்டத்தில் இல்லாத அந்த நிமிஷத்தில் வகுப்பு சலசலக்க ஆரம்பித்தது. ஆய்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குத் தலை சுத்துமா?"

"படி ஏறினா வரும் டீச்சர்."

"இன்னைக்கு?"

நத்தை ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ சொன்னாள். "காலையில ரெண்டாவது மாடியில கண்ணு இருட்டி உக்காந்துட்டா டீச்சர். ஒரு நிமிஷம் நான் கூப்பிட்டதே அவளுக்குக் கேக்கல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

டீச்சருக்கு இது தெரியாத விஷயம் இல்லை. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு ஒரு தகவல் போக வேண்டும், அது போகாவிட்டால் கீழறை தன் போக்கில் மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும் என்று இதே வகுப்பில் வண்ணச் சாக்பீஸால் படம் போட்டிருக்கிறார். நன்றாகவே போட்டிருக்கிறார். அப்படி ஒரு இதயம் தன்னிடம் வந்து வருகைப் பதிவில் பெயர் கொடுத்து உட்கார்ந்திருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நிமிஷம் பதினெட்டு. படிக்குப் போகச் சொல்ல வேண்டிய நிமிஷம். பிள்ளைகள் எழுந்திரிக்கத் தயாராக நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். அவளை மட்டும் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை அனுப்பலாம். இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்தான். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவருக்கு இருபத்திரண்டு நிமிஷம் என்ன பிரமாதம்? இந்தப் பெண்ணும் இத்தனை நாளாக இப்படித்தானே இருந்திருக்கிறாள்? டீச்சர் இதை நினைத்தார். நினைக்கவே இல்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், அது பலிக்கவில்லை.

அவர் நிமிர்ந்து, ஆய்வாளரைப் பார்த்து, "பாடத்தை இத்தோட நிறுத்துறேன் மேடம். இந்தப் பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றார்.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் இங்க நடக்கறதைத்தான் எழுத முடியும்" என்றார். அதில் மிரட்டல் ஒன்றும் இல்லை, தகவல்தான் சொன்னார்.

"எழுதுங்க மேடம்."

நத்தையைப் படியில் நடக்கவிடவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வெட்கத்தில் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஆம்புலன்ஸில் டீச்சர் ஏறிக்கொண்டார். வழி நெடுக அந்த மணிக்கட்டை விடவில்லை.

"பாடம் கெட்டுப் போச்சா டீச்சர்?" என்று நத்தை கேட்டாள்.

"பேசாம படு" என்றார் டீச்சர்.

மருத்துவர் ஈ.சி.ஜி. தாளில் ஓடிய கோட்டைக் காட்டிச் சொன்னார். மேலறை ஒரு கணக்கில் அடிக்கிறது, கீழறை வேறு கணக்கில் அடிக்கிறது, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை. பிறவியிலேயே இருந்திருக்கலாம். மயக்கம் வர ஆரம்பித்துவிட்டதால் இனித் தள்ளிப்போட முடியாது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு சிறிய கருவி வைக்க வேண்டும், அப்புறம் சாதாரணமாக இருக்கலாம், படியும் ஏறலாம். நாலாம் நாள் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஆய்வாளர் 'இல்லை' என்று குறித்திருந்தார். குறிப்பு என்ற இடத்தில், 'மருத்துவக் காரணத்தால் 18ஆம் நிமிடத்தில் பாடம் நிறுத்தப்பட்டது' என்று நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் களத்தில் இறங்கிவிட்டார். ஒரு மேல்முறையீட்டுக் கடிதத்தைத் தானே தயார் செய்து, தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். கல்வி அலுவலகத்தில் பேசியும் வைத்திருந்தார். மாணவியின் உயிரைக் காப்பாற்றிய ஆசிரியருக்கு இடம் இல்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது என்றார்.

அவருடைய அறை சின்னது. மேஜை, நாலு நாற்காலி, சுவர் முழுக்க இரும்பு அலமாரி. டீச்சர் உட்கார்ந்து கடிதத்தை வாசித்தார். 'மனுதாரர் மாணவியின் நாடித்துடிப்பை முதன்முறை சோதித்தபோதே அதன் குறைபாட்டைத் தமது கூர்ந்த கவனத்தால் கண்டறிந்து...' என்று ஓடியது.

"சார், இந்த வரி..."

"என்ன இந்த வரிக்கு? நீங்க அந்தப் பிள்ளையோட கையை முதல் தடவை பிடிச்சது அன்னைக்குத்தானே? ஒத்திகையில பிடிச்சீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப பொய் எங்க இருக்கு? அதுவும் போக, ஒத்திகைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல டீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கறதில்ல. உங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்காரரும் முந்தின நாள் இதையேதான் சொல்லியிருந்தார். உயிரைக் காப்பாற்றியது நிஜம்தானே, முன்னால் நடந்ததைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக் கலக்கத்தை அவரும்தான் கூட இருந்து அனுபவித்திருக்கிறார். டீச்சருக்கு அந்த இடம் வேண்டும். அதை மறைப்பதற்கில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது அலுவலக உதவியாளர் வந்து, நத்தையின் அம்மா வந்திருக்கிறார் என்றார்.

அந்த அம்மாள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். தைத்து முடிந்து வருகிற சட்டைகளைச் சரிபார்க்கிற பிரிவு. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வேலைச் சீருடையோடே வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் எழுந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள் என்றார். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லன்னா என் பிள்ளை இல்ல டீச்சர். அவ அப்பா இருந்து பார்த்திருந்தா உங்களைக் கும்பிட்டிருப்பார்."

டீச்சருக்குத் தன் கையை உருவிக்கொள்ளவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"ஒரு விஷயம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் அந்த அம்மாள். "இதுக்கு முன்னாடி எப்பவாவது நாடி எண்ணிப் பார்த்திருக்காங்களான்னு டாக்டர் கேட்டார். பழைய கணக்கு இருந்தா சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்னார். பள்ளிக்கூடத்துல முந்தின வாரமே ஒரு தடவை எண்ணினாங்களாமே? அந்தக் கூட்டாளிப் பிள்ளை பார்க்க வந்தப்ப சொல்ல ஆரம்பிச்சுது. இவ கண்ணைக் காட்டி நிறுத்திட்டா. இவகிட்ட கேட்டா எவ்வளவுன்னு ஞாபகம் இல்லைங்கறா. அஞ்சு வயசுல நடந்ததையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கற பிள்ளை."

தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "பிள்ளைங்க தங்களுக்குள்ள விளையாட்டா ஏதாவது எண்ணியிருக்கும்மா. அதெல்லாம் கணக்குல சேராது."

மேஜைமேல் கடிதம் இருந்தது. டீச்சரின் கையில் பேனா திறந்தபடி இருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு பதினாலு வயசுப் பெண் ஒருத்தி தனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு ஐந்து கட்டத்தையும் முன்னாலேயே நிரப்பி வைத்தாளே, இன்றைக்கும் அதைத்தான் செய்கிறாள். டீச்சருக்கு எது வர வேண்டுமோ அதையே வரவைக்கிறாள். அவருக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

"நாப்பத்தி நாலு" என்றார்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன மாசம் இருபத்தி ரெண்டாம் தேதி. செவ்வாய்க்கிழமை. உட்கார்ந்திருக்கும்போது நாப்பத்தி நாலு. ரெண்டு தடவை எண்ணினாங்க, ரெண்டு தடவையும் அதேதான்."

அந்த அம்மாள் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "அந்தத் தாளை வச்சிருக்கீங்களா டீச்சர்? டாக்டர்கிட்ட காட்டலாம்."

"தாள்ல இருக்காது. அழிக்கச் சொல்லிட்டேன்."

"யாரு?"

"நான்தான். தப்பா எண்ணியிருக்கான்னு சொல்லி அழிக்கச் சொன்னேன். கிட்டப் போய் நான் எண்ணிப் பார்க்கல."

அறைக்கு வெளியே யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். முகம் மாறவில்லை, கேள்வி மட்டும் வந்தது. "எதனால தப்புன்னு நெனச்சீங்க?"

"மத்தப் பிள்ளைங்க எண்ணோட ஒத்துப்போகல" என்றார் டீச்சர்.

அந்த அம்மாள் மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. தன் வேலையைப் பற்றி யாரோ விசாரித்ததுபோல் சொன்னார்.

"ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை என் கை வழியா போகும் டீச்சர். ஒத்துப்போறதையெல்லாம் பார்க்கக்கூட மாட்டேன், அது பாட்டுக்குப் போயிரும். ஒத்துப்போகாதது ஒண்ணு வந்தா அதைத்தான் கையில எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன். அதுக்குத்தான் என்னை அங்க உட்கார வச்சிருக்காங்க."

எழுந்து, இருவருக்கும் பொதுவாக "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் கடிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். டீச்சர் அதை விடவில்லை. 'முதன்முறை சோதித்தபோதே' என்ற வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே இருந்த குறுகிய இடத்தில், 'ஒரு வாரம் முன்பே மாணவிகள் சரியாக எண்ணிச் சொன்னபோது அழிக்கச் சொல்லிவிட்டு, பிறகு' என்று பொடியாக எழுதினார். அதற்கும் இடம் போதவில்லை, ஓரத்தில் இறங்கி முடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதை அனுப்பினா இடம் கிடைக்காது டீச்சர். ஒத்திகை பார்த்ததும் வெளிய வரும். அடுத்த வருஷம் தற்காலிகக் கடிதம் வர்றதுகூடச் சந்தேகம்."

"தெரியும் சார்" என்றார் டீச்சர். "அனுப்புங்க."